எர்த் செய்த பிறகும் கேசிமிர் விசை பத்து மடங்காக வருவது ஏன்?

கேள்வி: பெங்களூருவில் ஆய்வு மாணவி நான். கேசிமிர் விசையை, அதாவது மின்னூட்டம் இல்லாத இரு உலோகப் பரப்புகள் மிக நெருங்கும்போது குவாண்டம் விளைவால் எழும் இழுவிசையை, அளக்கிறேன். 100 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள, தங்கம் பூசிய பாலிஸ்டைரீன் கோளத்தை ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) கருவியின் கேண்டிலீவரில், அதாவது விசைக்கேற்ப வளையும் நுண்ணிய பட்டையில், ஒட்டித் தங்கத் தகட்டருகே கொண்டுபோகிறேன். இரண்டும் எர்த் செய்யப்பட்டவை. 300 நானோமீட்டரில் சுமார் 100 பிகோநியூட்டன் காட்டுகிறது. கணக்கோ 10தான் என்கிறது. எங்கே பிழை?

பதில்: கணக்கு சரிதான். உண்மையான தங்கத்துக்கு 10-ஐவிடச் சற்றுக் குறைவாகவே வரும். மீதி 90-உம் மின்விசை. எர்த் செய்துவிட்டால் மின்னழுத்தம் பூஜ்யம் என்று நம்புவதுதான் இங்கே எல்லாரும் விழும் பள்ளம். வெவ்வேறு நாளில் பூசிய தங்கம், படிந்த அழுக்கு, இணைப்புக் கம்பியின் வேறு உலோகம் எல்லாம் சேர்ந்து பத்து, நூறு மில்லிவோல்ட்டை மிச்சம் வைக்கும். 100 மில்லிவோல்ட் இருந்தால் 300 நானோமீட்டரில் மின்விசை மட்டும் 93 பிகோநியூட்டன். கேசிமிர் விசை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதம், மின்விசை வெறும் இடைவெளிக்கு. லாக்-லாக் வரைபடத்தில் (இரு அச்சும் மடக்கை அளவில்) உங்கள் சாய்வு 3-க்குப் பதில் 1-ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள்.

ஒவ்வொரு இடைவெளியிலும் தகட்டுக்கு −300 முதல் +300 மில்லிவோல்ட் வரை பதினைந்து படிகளாகக் கொடுத்து விசையைக் குறியுங்கள். பரவளையம் வரும். இழுவிசை மிகக் குறையும் மின்னழுத்தத்தைத் தகட்டில் நிறுத்திவிட்டு அளவெடுங்கள். ஒரு தூரத்தில் கண்ட மதிப்பையே எல்லாத் தூரத்துக்கும் போட்டுவிடாதீர்கள். தூரத்தோடு அது நகர்ந்தால் பரப்பில் திட்டுத்திட்டாக மின்னழுத்தம் இருக்கிறது. அதை எந்த வோல்ட்டாலும் முழுக்க அடக்க முடியாது, புதிதாகப் பூசத்தான் வேண்டும். நேரத்தோடு நகர்ந்தால் பூச்சு பசைமேல் அறுந்து, கோளம் மின்தொடர்பின்றி நிற்கிறதா என்று சந்தேகியுங்கள்.

பரவளையத்தின் வளைவு இன்னொன்றும் தரும்: உண்மையான இடைவெளி. கருவி காட்டும் பூஜ்யம், பரப்பின் மேடு முதலில் முட்டும் இடம். 100 நானோமீட்டரில் 10 பிசகினால் விசையில் 30 சதவீதம் போய்விடும். 300 நானோமீட்டர் இடைவெளியில் 300 மில்லிவோல்ட் கொடுத்தால் விசை 800 பிகோநியூட்டனைத் தாண்டுவதால், 0.03 நியூட்டன்/மீட்டர் கேண்டிலீவர் 28 நானோமீட்டர் வளையும். அதையும் இடைவெளியில் கழித்தாக வேண்டும். இதே கேண்டிலீவர் 70 நானோமீட்டரை நெருங்கும்போது தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், அதற்குள் போக நினைத்தால் இதைவிட விறைப்பான கேண்டிலீவருக்கு மாறுங்கள்.

இயற்பியலாளர்கள் மொஹிதீனும் ராயும் 1998-இல் ஏஎஃப்எம்மில் இப்படி அளந்தது வெற்றிடத்தில்தான். ஈரக்காற்றில் பரப்பில் நீர்ப்படலம் படியும், நம் மழைக்கால பெங்களூருவில் கேட்கவே வேண்டாம். மெட்ரோ ஓடாத நள்ளிரவில் அளந்தால் அதிர்வும் குறையும்.