மே கடைசியில் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் மீன் கிடைக்குமா, தண்ணீர் எப்படி இருக்கும்?

கிடைக்கும், ஆனால் மழையைப் பொறுத்தது. ஆற்றின் மேற்பகுதியில் நல்ல மழை பெய்தால் ஆறு ஓரிரு நாளுக்கு மேல் கலங்கலாக ஓடும். அப்போது போவது வீண், இறங்குவது ஆபத்தும்கூட. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் இணையதளத்தில், ஆற்றங்கரையிலுள்ள டிரென்டன் நகரின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் சரி.

முட்டையிடக் கடலிலிருந்து வரும் ஷாட் மீனின் பெருங்கூட்டம் அதற்குள் பெரும்பாலும் மேலே போயிருக்கும். பிரதான ஆற்றில் அணையே இல்லாததால் நியூயார்க் மாநிலம் வரை ஏறிவிடும். ஆற்றுக்குள் வந்ததும் அது அதிகம் இரை எடுக்காது. ஆனாலும் ஸ்பூன் என்ற பளபளக்கும் சின்ன உலோகப் போலி இரையைக் கவ்வும், எரிச்சலில்தான் என்பார்கள். வாய் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

அந்த நேரத்துக்கு நான் சொல்வது ஸ்மால்மவுத் பாஸ் மீன். தண்ணீர் 16, 17 டிகிரி செல்சியஸ் ஆனதும் கரையோரச் சரளையில் குழி பறித்து முட்டையிடும். ஆண் மீன் நகராமல் காவல் நிற்கும். அது மாட்டினால் அங்கேயே உடனே விட்டுவிடுங்கள், தாமதித்தால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். அப்புறம், 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் கட்டாயம்.