கீழ் வீட்டுச் சனிக்கிழமை: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

லண்டன் ஹென்டனில் இருந்தபோது உங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்த யூதக் குடும்பத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஆறு வயதுக்குள் நான்கு பிள்ளைகள், வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இரவு வரை டிவி இல்லை, போன் இல்லை, விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது. படித்ததும் பாவமாக இருந்தது. குழந்தைகளை இப்படிக் கட்டிப்போடலாமா? ஆனால் என் மூன்று வயது மகன் போன் இல்லாமல் ஒரு வாய் சோறு வாங்க மாட்டான், நாமும் வாரம் ஒரு நாள் இப்படிச் செய்து பார்த்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

ர., மதுரை

அன்புள்ள ர.,

கட்டிப்போடுவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோது கட்டுப்பட்டு நின்றது அப்பாவும் அம்மாவும்தான். அது அவர்களின் ஓய்வுநாள், சபாத் என்று பெயர்; வெள்ளி சூரியன் மறைவதோடு தொடங்கும். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும். அதனால் வியாழன் இரவே வேலை தொடங்கிவிடும். சனிக்கிழமை மதியத்துக்கான சோலன்ட் (மாட்டிறைச்சி, பீன்ஸ், பார்லி போட்டு இரவு முழுக்க மெல்லிய சூட்டில் கிடக்கும்), பிரிட்ஜ் பல்பைக் கழற்றுவது, ஸ்விட்சுகள் மேல் டேப், டாய்லெட் பேப்பரை முன்னாலேயே கிழித்து அடுக்குவது. ஆமாம், கிழிப்பதும் சபாத்தில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் ஒன்று. பிள்ளையிடம் 'தொடாதே' என்று நூறு தடவை கத்தாமல் வீட்டையே அதற்கேற்ப மாற்றிவிடுகிறார்கள். யூத மதச் சட்டப்படி பையனுக்கு 13 வயது, பெண்ணுக்கு 12 வயது வரை கடமை எதுவும் கிடையாது, பழக்குவது மட்டும்தான்.

ஒரு வெள்ளி இரவு கதவைத் தட்டினார் அந்த அம்மா, இடுப்பில் கடைசிக் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. பெரியவன் ஏதோ விளையாட்டில் டேப்போடு சேர்த்து ஸ்விட்சை அமுக்கிவிட்டான், படுக்கையறை கும்மிருட்டு. "குழந்தை பயப்படுகிறது, கொஞ்சம் வர முடியுமா?" போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். இப்படிக் கேட்கலாமா என்று திங்கட்கிழமை விசாரித்தேன். சிறு பிள்ளையின் தேவை நோயாளியின் தேவைக்குச் சமம், அதற்காக யூதரல்லாதவரிடம் கேட்கலாமாம். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த யோசனையே வேண்டாம், அவர்களே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

அதற்காக எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிப்போகக் கூடாது. தள்ளுவண்டி கூடாது, நடக்கத் தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் போகக் கூடாது. கம்பமும் கம்பியும் வைத்து ஊரைச் சுற்றி ஓர் எல்லை அமைத்தால் அதற்குள் எல்லாம் ஒரே வீடு மாதிரி, தூக்கிப்போகலாம். அதற்கு ஏரூவ் என்று பெயர். வடமேற்கு லண்டனில் சுமார் 11 மைல் சுற்றளவில் அது வந்தது 2003இல்தான், அதுவும் பல வருஷச் சண்டைக்குப் பிறகு. எதிர்த்தவர்களில் யூதர்களும் உண்டு. கீழ் வீட்டுப் பாட்டி சொல்வார்: "என் பிள்ளைகள் ஒவ்வொன்றும் நடக்கும்வரை சனிக்கிழமையில் நான் தெருவைப் பார்த்ததில்லை." ஆண்கள் ஜெப ஆலயத்துக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே போன் இல்லாத இடம் காலியாக இல்லை. ஒரு வெள்ளி இரவு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் இரண்டு கையும் வைத்து ஆசீர்வதித்தார், பையன்களை அவர்கள் முன்னோர்களான எப்ராயீம், மனாசே போல இரு என்று, பெண்ணை சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல இரு என்று. நடுவிலவன் தலையைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கோட்டு மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் தட்டிவிடவில்லை. அப்புறம் பாட்டு, ரொட்டி, மேஜைக்கடியில் சண்டை, கொட்டிய ஜூஸ். சாப்பாட்டுக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவிலவன் தட்டில் பாதி அப்படியே இருந்தது, யாரும் துரத்தி ஊட்டவில்லை. பையனிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் உங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு வேளைச் சாப்பாட்டில் தொடங்கிப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க என்பது இப்போதைக்குப் பேராசை.

இன்னொன்று, அவர்களும் சபாத் முடிந்ததைக் காட்டும் நட்சத்திரம் எப்போது வரும் என்று ஜன்னலைப் பார்ப்பவர்கள்தான். சனி இரவு சபாத்தை வழியனுப்பும் சடங்கில் பின்னல் மெழுகுவர்த்தியை மகள் பிடித்துக்கொள்வாள், கிராம்பு டப்பாவை வரிசையாக முகர்ந்து பார்ப்பார்கள், திரியைத் திராட்சை ரசத்தில் முக்கி அணைப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் கீழே வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.