கான்ட்ராக்ட் அட்டர்னி வேலை: கேள்வி பதில்

அமெரிக்காவில் டாகுமெண்ட் ரிவியூ வக்கீலாக, அதாவது வழக்குக்காக எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களைப் படித்துப் பிரிக்கும் ஒப்பந்த வக்கீலாக இருந்து, இப்போது ரிவியூ டீம்களை நடத்துகிறேன். வேலை, சம்பளம், ஆள் அனுப்பும் ஏஜென்சி பற்றிக் கேளுங்கள். விசா பற்றி இமிக்ரேஷன் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் பி.எல். முடித்தேன். அங்கே வந்து நேராகச் சேரலாமா அண்ணா?

முடியாது தம்பி. பெரும்பாலான பிராஜெக்ட்டுகள் ஏதாவது ஒரு மாநிலத்தின் பார் லைசென்ஸ் (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) கேட்கும். நியூயார்க், கலிஃபோர்னியா இரண்டும் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளைத் தேர்வு எழுத விடுகின்றன. கடன் வாங்கி எல்எல்எம் சேருவதற்கு முன், உங்கள் பட்டத்துக்கு அது தேவைதானா என்று அந்த பார் அலுவலகத்திடமே எழுதிக் கேளுங்கள்.

மணிக்கூலி நன்றாக இருக்கிறது என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். சேரட்டுமா?

ஓவர்டைம் உண்டா என்று கேட்டீர்களா? எழுத்தில் வாங்குங்கள். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். ஆனால் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வக்கீல் தொழில் செய்பவருக்கு அதில் விலக்கு. ஐம்பது, அறுபது மணி நேரம் ஓடும் பிராஜெக்ட்டில் வித்தியாசம் முழுக்க இங்கேதான்.

திரையைப் பார்த்து பட்டன் அழுத்துவதெல்லாம் வக்கீல் தொழிலா?

இதே கேள்வி கோர்ட்டுக்கே போனது. லோலா என்ற கான்ட்ராக்ட் வக்கீல், மணிக்கு 25 டாலருக்கு வட கரோலினாவில் ரிவியூ செய்தவர், ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். முன்கூட்டியே கொடுத்த வார்த்தைகளைத் தேடி, கொடுத்த வகைகளில் போடுவதுதான் வேலை என்றார். கீழ்க் கோர்ட் தள்ளுபடி செய்தது. 2015 ஜூலையில் இரண்டாம் சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டுக் கோர்ட் அதை ரத்து செய்தது: முழுக்க ஒரு இயந்திரமே செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்பவர் வக்கீல் தொழில் செய்வதாகச் சொல்ல முடியாது.

பார்த்தீர்களா, நான் சொன்னது சரி!

அவசரப்படாதீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஹெனிக் என்ற இன்னொரு கான்ட்ராக்ட் வக்கீலின் வழக்கு. அங்கே நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி, ஹெனிக் சொந்தத் தீர்மானத்தைப் பயன்படுத்தியிருக்கிறார், ஆகவே வக்கீல் தொழில்தான் என்று முடித்தார். ஓவர்டைம் கிடைக்கவில்லை.

வேறொருவர்: நானும் ரிவியூ செய்கிறேன். எங்களை இயந்திரம் என்பது அவமானம் சார்.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். விற்பனை மேலாளர் கணக்குப் பிரிவுக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறார், கம்பெனி வக்கீலுக்கு ஒரு காப்பி. வக்கீல் பெயர் இருக்கிறது என்பதற்காக அது பிரிவிலேஜ் (எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியில்லாத வக்கீல்-கிளையண்ட் ரகசியம்) ஆகிவிடாது. ஆனால் கீழே, மூன்றாவது பதிலில், “இந்த நிபந்தனையைப் போட்டால் சிக்கல் வருமா?” என்று அந்த வக்கீலிடமே கேட்டிருக்கிறார். அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பதா? இதைத் தீர்மானிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு: வேலை தரும்போது ‘வெறும் டேகிங்’ (வகைக்குறி போடும் வேலை) என்று கூலியைக் குறைக்கிறார்கள், ஓவர்டைம் கேட்டால் ‘நீங்கள் வக்கீலாயிற்றே’ என்கிறார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவது அநியாயம்.

சட்ட ஃபர்ம், நமக்குத் தரும் கூலியைவிடக் கூடுதலாக நம் பெயரில் கிளையண்ட்டிடம் வாங்கலாமா?

வாங்கலாம். அமெரிக்க பார் அசோசியேஷனின் 2000ஆம் ஆண்டுக் கருத்துரைப்படி, சட்டச் சேவைக் கட்டணமாக பில் போட்டால், தொகை நியாயமாக இருக்கும்வரை லாபம் சேர்க்கலாம். செலவுக் கணக்கில் காட்டினால், கிளையண்ட்டுடன் வேறு உடன்பாடு இல்லாதபோது, உண்மையான செலவும் அதையொட்டிய நேரடிச் செலவும் மட்டுமே.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா?

கணினி ரிவியூவுக்குள் வந்தது நேற்று அல்ல. 2012லேயே டா சில்வா மூர் வழக்கில் மாஜிஸ்திரேட் நீதிபதி ஆண்ட்ரூ பெக் கணினி உதவி ரிவியூவை ஏற்றுக்கொண்டார். ‘தொடர்புள்ளதா, இல்லையா’ என்ற முதல் சுற்று சுருங்குகிறது, இன்னும் சுருங்கும். பிரிவிலேஜ் லாக் (ரகசியம் என்று கொடுக்காமல் வைத்த ஆவணங்களின் பட்டியல்), தரச் சோதனை, இயந்திரம் ஒதுக்கியதில் மாதிரி எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும். அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏஐயால் வக்கீல்களுக்கு வேலை போகுமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

சாட்ஜிபிடியே ரிவியூ செய்துவிடாதா?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: 2023இல் மாட்டா வழக்கில், அது கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்கள் தரப்புக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. யார் கையெழுத்துப் போட்டாரோ, பொறுப்பு அவருடையதுதான்.

ஒரே பிராஜெக்ட்டுக்கு நான்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்தால் வாய்ப்பு கூடுமா?

குறையும். இரண்டு ஏஜென்சி ஒரே பெயரை அனுப்பினால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறைத் தவிர்க்கப் பல ஃபர்ம்கள் அந்தப் பெயரையே விட்டுவிடும். எந்தப் பிராஜெக்ட்டுக்கு யார் உங்களை அனுப்பினார்கள், எதிர்த்தரப்பு யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கான்ஃப்ளிக்ட் செக்குக்கு (முன்பு செய்த வேலையோடு புது வழக்கு மோதுகிறதா என்ற சோதனைக்கு) அது அப்படியே உதவும். அப்புறம், ஓவர்டைம் எழுத்தில் இருக்கிறதா?