தண்ணீர் படக்கூடாதா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது. தோல் வெந்துபோகும், அந்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்கிறார் உறவினர். சோற்றுக்கற்றாழை பூசினால் ஒன்றும் ஆகாது என்கிறார் தோழி. யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இருவர் பேச்சையும் தள்ளிவையுங்கள். தண்ணீர் ஆகாது என்பது பழைய காலத்து அறிவுரை. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மணமில்லாத சோப்பிலும் வெறும் கையால் மெல்லக் கழுவலாம். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் மையால் குறி போட்டிருந்தால், அது மட்டும் அழியக்கூடாது. கற்றாழை சாதாரண ஈரப்பத கிரீமைவிட மேலானது என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை.

கதிர், தோலின் அடியடுக்கில் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத் தாக்குகிறது. மேல்தோல் உதிரும் வேகத்துக்குப் புதுத் தோல் உருவாகாது. பழைய மேல்தோல் உதிர்ந்து தீரும்வரை இது வெளியே தெரிவதில்லை. அதனால்தான் முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. இரண்டு, மூன்று வாரத்தில் சிவப்பு, அரிப்பு, எரிச்சல் வரும். மாநிறத் தோலில் சிவப்பைவிடக் கருமைதான் கண்ணில் படும். பெரும்பாலும் உச்சம் தொடுவது சிகிச்சை முடிந்த ஓரிரு வாரத்தில். 'எல்லாம் முடிந்த பிறகு ஏன் மோசமாகிறது' என்று அப்போது கலங்கவேண்டாம்.

உங்கள் முழுக் கவனமும் மார்பின் அடிமடிப்பிலும் அக்குளிலும் இருக்கட்டும். தோலோடு தோல் உரசி, வியர்வை தங்கும் இடங்கள் அவை. முதலில் உரிவதும் பெரும்பாலும் அங்கேதான். குளித்ததும் ஒரு கையால் மார்பை உயர்த்தி, மென்மையான துணியால் மடிப்பை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தனியாக இருக்கும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சிறிது நேரம் காற்றாடப் படுத்திருங்கள். கம்பி வைத்த பிராவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தளர்ந்த பருத்தி உடைக்கு மாறுங்கள். சுடுதண்ணீர்ப் பை, ஐஸ், நேர்வெயில் மூன்றும் வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும்.

கிரீமை மெல்லிய படலமாகப் பூசுங்கள். சிகிச்சைக்குச் சற்று முன் கெட்டியாக அப்பினால், மேல்தோலில் விழும் கதிரின் அளவு கூடும். டியோடரண்டுக்குத் தடை சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தோல் உரியாதவரை அதனால் கேடில்லை.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமைத் தொடக்கத்திலிருந்தே பூசலாமா? இது தோல் பாதிப்பின் கடுமையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நீங்களாகக் கடையில் வாங்கிப் பூசாதீர்கள். தோலைக் காக்க அதன்மேல் ஒட்டும் சிலிகான் படலம் கிடைக்குமா? உங்களுக்கு 25 அமர்வா, 15 அமர்வா? பலருக்கு 15 அமர்வு கொண்ட மூன்று வாரச் சிகிச்சையே போதும். அதில் தோல் பாதிப்பும் குறைவு. ஏனோ இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள்.

தோல் ஈரமாக உரிந்தாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள். எரிச்சலுக்குப் பயந்து நீங்களாக ஒரு அமர்வைக்கூடத் தவிர்க்காதீர்கள். இடைவெளி விழுந்தால் சிகிச்சையின் பலன் குறையும். நிறுத்தவேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.