ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து வந்தவர்களுக்கும் நாம் எப்படி நன்றி காட்டலாம்?

கேட்கப்பட்ட கேள்வி: "எங்கள் ஊரில் பட்டாளத்தில் இருப்பவர்களும் ஓய்வு பெற்று வந்தவர்களும் நிறைய. சுதந்திர தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைப்பதைத் தாண்டி, சாதாரண ஆட்களான நாம் அவர்களுக்கு என்ன செய்யலாம்?"

உங்கள் நேரத்தைக் கொடுங்கள், முக்கியமாக அவர்களுடைய காகித வேலைகளுக்கு. என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தக்கலைப் பக்கம் அரசின் ஆன்லைன் சேவைகளைச் செய்து கொடுக்கிற சி.எஸ்.சி. மையம் நடத்துகிறேன், ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் சென்டர் என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்த விஷயத்தை வீட்டுக்குள்ளிருந்தும் பார்த்திருக்கிறேன், மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தும் பார்க்கிறேன்.

நவம்பர் மாதம் எங்கள் சென்டருக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். எழுபது எண்பது வயதுப் பாட்டாமார், அதாவது தாத்தாக்கள், பழைய டிஸ்சார்ஜ் புக்கைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள், உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க. வருடத்துக்கு ஒருமுறை அதைக் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஊருக்கு வந்த பிறகு ரப்பர் பால் வெட்டியும் வயல் வேலை பார்த்தும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை, மிஷினில் எத்தனை தடவை அழுத்தினாலும் எடுக்காது. "மக்களே, நான் உயிரோடத்தான இருக்கேன், இது ஏன் ஒத்துக்க மாட்டேங்குது" என்று ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குத்தான் தாங்கவில்லை.

இப்போது விரல் தேவையில்லை. 2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தே ஜீவன் பிரமாண் என்ற ஆன்லைன் உயிர்வாழ் சான்றிதழை எடுக்கலாம், ஒரு ஆண்ட்ராய்டு போனும் நெட்டும் போதும். உங்கள் தெருவில் ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் அவரைப் பஸ் ஏற வைக்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி நீங்களே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்பு பென்ஷன் பேங்க் வழியாக வந்துகொண்டிருந்தது, இப்போது பெரும்பாலோருக்கு ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் முறைக்கு மாறிவிட்டது. அப்படி மாறியவருக்குப் பென்ஷன் வழங்குபவர் யார் என்று கேட்கிற இடத்தில் பழைய ஞாபகத்தில் பேங்க் பெயரைப் போட்டுவிட்டால் சான்றிதழ் சரியாகப் பதிவான மாதிரியே காட்டும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. அலகாபாத் (பாதுகாப்புத் துறையின் பென்ஷன் ஆபீஸ்) என்று வருகிறதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் பென்ஷன் நின்று, ஏன் நின்றது என்றும் புரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் ஓ.டி.பி. சிக்கல். பல பேருக்குப் பதிவில் இருக்கிற மொபைல் நம்பர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிற மகனுடையது. மகன் அங்கே டூட்டியில் இருப்பான், இவர் இங்கே என் முன்னால் உட்கார்ந்திருப்பார், ஓ.டி.பி.யின் நேரம் முடிந்துவிடும். மகன் லீவில் வரும்போது அந்த நம்பரை ஊரில் இருக்கிற நம்பராக மாற்றி வைப்பதே பெரிய உதவி.

இதைவிடக் கஷ்டம் அவர்களுடைய மனைவிமாருடையது. பட்டாளக்காரர் இறந்துபோனால் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வர வேண்டும். கல்யாணம் ஆன காலத்தில் யூனிட்டில் யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பதிவேட்டில் இருக்கும். அங்கே தங்கம்மாள், ஆதாரில் தங்கம், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல், பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம் என்று இருந்தால் அந்த அம்மா எங்கே போவார்? மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில், பென்ஷன் ஆபீஸ் அலகாபாத்தில். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில் இதைப் பேச யாருக்கும் மனம் வராது, ஆனால் பேசியாக வேண்டும். இறப்பைத் தெரிவிக்கத் தாமதமானால் அதுவரை அவர் பெயரில் கணக்கில் விழுந்த பணத்தைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள், அந்த அம்மா அதற்குள் அதைச் செலவு செய்திருப்பார். ஆகவே துக்கம் விசாரிக்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு, டிஸ்சார்ஜ் புக், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்து, "மைனி, இதை யார் கேட்டாலும் ஒரிஜினல் கொடுக்காதீங்க, நான் அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்தால் அதைவிடப் பெரிய சல்யூட் எனக்குத் தெரியாது. இன்னும் நல்லது, அவர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வைப்பது. என் அம்மா பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அதைத் திருத்த அப்பாவே தன் கைப்பட எழுதிப்போட்டு, பதில் வரும்வரை விடாமல் இருந்தார். இன்று அந்த எழுத்து சரியாக இருப்பது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

சரி, இப்போது பணியில் இருப்பவர்கள். அசாம் பக்கம் போஸ்டிங் என்றால் திப்ரூகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸ், நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஜம்மு பக்கம் என்றால் ஹிம்சாகர். எதில் வந்தாலும் நாகர்கோவிலில் இறங்க மூன்று நாள் ஆகும். ஒரு ஜவானுக்கு வருட விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவ் 30 நாள் என்று கணக்கு இருக்கிறது, கேட்ட நேரத்தில் கேட்ட நாள் கிடைப்பது வேறு விஷயம். அப்படிக் கிடைத்து வருகிறவன் என்ன செய்கிறான்? பாதி லீவைத் தாலுகா ஆபீஸில் கழிக்கிறான். பட்டா உட்பிரிவு, சர்வேயருக்கு மனு, வீடு கட்டுகிற கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப்போன வேலை, பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன். குமரி மாவட்டத்தில் சென்ட் கணக்கில் நிலம், அதில் எல்லைத் தகராறு இல்லாத வீடு குறைவு, இவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பக்கத்து வேலி நகரும். எங்கள் வீட்டிலேயே அப்பா எல்லையில் இருந்த வருடங்களில் அம்மா தனியாக இந்த அலைச்சல் எல்லாம் அலைந்தார். கூட வந்து நின்றது பக்கத்து வீட்டு வாத்தியார் மாமா ஒருவர்தான், மனு எழுதிக் கொடுப்பார், வில்லேஜ் ஆபீஸுக்குக் கூடவே வருவார். அப்பா கடைசிவரை அவரைப் பற்றிப் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார்.

அதனால் அரசு அலுவலகத்திலோ பேங்கிலோ கோர்ட்டிலோ வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: லீவு சர்டிபிகேட்டோடு ஒரு பையன் வந்து நின்றால் அவனை நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள், அவனுக்கு நாளை என்பது எண்ணி வைத்த ஒன்று. சட்டமே இதைப் புரிந்து வைத்திருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் என்று ஒன்று உண்டு, போர் போன்ற விசேஷச் சூழலில் பணியில் இருக்கிற வீரர் வந்து வாதாட முடியாத நிலையில் அவருக்கு எதிரான சிவில் வழக்கை நிறுத்தி வைக்க அதில் வழி இருக்கிறது. நூறு வருடம் ஆகிறது, நம் ஊர்ப் பட்டாளத்து வீடுகளில் பலருக்குத் தெரியாது. வக்கீல்மார் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

செய்யக்கூடாததும் இரண்டு உண்டு. முதலாவது, ராணுவக் கேன்டீன் பாட்டில். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்த உடனே "அண்ணே, ரம் ஒண்ணு கிடைக்குமா" என்று கேட்பது. அவருடைய கார்டில் வாங்கியதை வெளியே கொடுத்தால் அந்தக் கார்டே போய்விடும். கேட்கிறவர் அடுத்த வருடம் மறந்துவிடுவார், இவர் இல்லை என்று சொல்லியே சொந்தக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்குவார். தயவுசெய்து கேட்காதீர்கள்.

இரண்டாவது, "சண்டைக்குப் போனீங்களா, எத்தனை பேரைச் சுட்டீங்க" என்ற கேள்வி. பதில் இருப்பவர் அதைச் சொல்ல விரும்ப மாட்டார். சண்டைக்குப் போகாதவர் ஏதோ குறைந்தவர் போல ஆகிவிடுவார், அதுதான் எனக்குக் கோபம். லடாக்கில் லே ரோட்டில் லாரி ஓட்டினவர், தகவல் தொடர்பு பார்க்கிற சிக்னல் பிரிவில் இருந்தவர், ஐம்பது பேருக்கு மலை மேல் சமைத்துப் போட்டவர், இவர்கள் இல்லாமல் எல்லையில் யாரும் நிற்க முடியாது. குண்டு மட்டும்தான் ஆளைக் கொல்லும் என்றும் இல்லை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் சாவடி மேல் பனி சரிந்து 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள், 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். தமிழ்நாட்டுப் பையன்களும் அந்தப் பத்துப் பேரில் உண்டு. அந்த வாரம் முழுக்க அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. வேறு பட்டாலியன்தான், ஆனால் அதே ரெஜிமென்ட், அதே "வீர மதராஸி" என்ற முழக்கம். கடலோரத்தில் வியர்த்து வளர்ந்த பையன்கள் ஐஸ் கட்டியைப் பெட்டிக்கடை சர்பத்தில் மட்டுமே பார்த்துவிட்டுப் போய் அங்கே நிற்கிறார்கள். அவர்களிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது: எந்தெந்த ஊரில் இருந்தீர்கள், அங்கே என்ன சாப்பிட்டீர்கள், லெட்டர் எத்தனை நாளில் வரும், கூட இருந்தவர்கள் இப்போது எங்கே. இதைக் கேட்டுவிட்டு அவசரப்படாமல் உட்கார்ந்தால் போதும், மீதியை அவரே சொல்வார்.

இன்னொரு கூட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஜவானுக்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். வீட்டு நிலைமைக்காக அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆறு வருடம், எட்டு வருடம் என்று இருந்துவிட்டு. அவர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது, ஆகவே யாரும் அவர்களைப் பட்டாளக்காரர் என்றும் எண்ணுவதில்லை, சிலர் இந்த வயதிலும் ஏ.டி.எம். வாசலில் நைட் ட்யூட்டி பார்க்கிறார்கள். 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் பதவி வரைக்குமான முன்னாள் வீரர்களுக்கு, அவர்கள் நலனைப் பார்க்கிற மத்திய சைனிக் போர்டு வழியாக மாத உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பம் நாகர்கோவிலில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போகும். உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அவர் போக மாட்டார், கை நீட்டுவதாக நினைத்துக் கூச்சப்படுவார். இது பிச்சை இல்லை, உங்களுக்கு உரியது என்று அவருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொடிநாள் நிதியிலிருந்து. டிசம்பர் 7, 1949லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் நெஞ்சில் குத்திக்கொண்ட அந்தச் சின்னக் கொடி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காசு எங்கே போகிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீரர்களின் பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம், பென்ஷன் இல்லாதவர்களின் மாத உதவி இதெல்லாம் அதில்தான் நடக்கிறது. மத்திய சைனிக் போர்டு இணையதளத்திலேயே கட்டலாம், வருமான வரிச் சலுகையும் உண்டு. பணம் கொடுக்க முடிகிறவர்கள் இதற்குக் கொடுங்கள், பொன்னாடை வாங்குகிற காசை இதில் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்றால் குளச்சல் இருக்கிறது. 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம், அங்கே வெற்றித் தூண் நிற்கிறது, ஜூலை 31ஆம் தேதி மெட்ராஸ் ரெஜிமென்ட் சார்பில் வந்து மரியாதை செய்வார்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார், அவர் கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. போகும்போது உங்கள் தெருவில் இருக்கிற ஒரு முன்னாள் வீரரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும்.

குமரி மாவட்டத்துக்காரர்கள் யாராவது ஸ்பர்ஷிலோ குடும்ப ஓய்வூதியத்திலோ மாட்டிக்கொண்டிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எந்த ரெஜிமென்ட், ஓய்வு பெற்ற வருடம், எந்த இடத்தில் நிற்கிறது, இவ்வளவு போதும். சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. நம்பர், ஆதார் நம்பர் எதையும் இங்கே போட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.