மிதவாத வாக்காளர், தீவிர வேட்பாளர்: கேள்வி பதில்

அமெரிக்கத் தேர்தல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: ‘நாங்கள் நடுவில் நிற்கிறோம், எங்கள் பிரதிநிதி மட்டும் ஏன் கோடியில் போய் நிற்கிறார்?’

கேள்வி: நடுவில் இருப்பவரின் ஓட்டைப் பிடிப்பவர்தான் ஜெயிப்பார் என்று கல்லூரியில் படித்தோமே, சார்?

ஆண்டனி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957-இல் எழுதியது. ஒரே ஒரு தேர்தல் என்றால் அந்தக் கணக்கு சரி. அங்கே நடப்பது இரண்டு. வேட்பாளர் யார் என்று முதலில் கட்சிக்குள் பிரைமரி, பிறகு நவம்பரில் பொதுத் தேர்தல்.

2014 ஜூனில் வர்ஜீனியாவின் 7-ஆம் தொகுதியைப் பாருங்கள். பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், குடியேற்ற விவகாரத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்று தாக்கிய டேவ் பிராட் என்ற பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். விழுந்த ஓட்டு சுமார் 65,000. நவம்பரில் அதே தொகுதியில் ஓட்டுப் போட்டவர்கள் ஏறத்தாழ 2,40,000 பேர். அப்போது அது குடியரசுக் கட்சியின் கோட்டை என்பதால் பிராட் சுலபமாக ஜெயித்தார். முடிவு ஜூனிலேயே ஆகிவிட்டது. தலைவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் யாருக்குப் பயப்படுவார்கள்?

கேள்வி: பிரைமரியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் சரியாகிவிடாதா?

வர்ஜீனியாவில் திறந்துதான் இருந்தது! வாக்காளர் தான் எந்தக் கட்சி என்று பதிந்துகொள்ளும் முறையே அங்கே கிடையாது; யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம். மிதவாதிகளில் பலர் போகவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது அலாஸ்கா முறை. எல்லாக் கட்சிக்கும் ஒரே பிரைமரி, முதல் நான்கு பேர் நவம்பருக்கு, அங்கே 1, 2, 3 என விருப்ப வரிசை. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவர் விலக்கப்பட்டு, அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2022-இல் குடியரசுக் கட்சியின் செனட்டர் (மேலவை உறுப்பினர்) லிசா முர்கோவ்ஸ்கி சொந்தக் கட்சிக்காரரான கெல்லி சிபாகாவை இப்படித்தான் சமாளித்தார்: ஜனநாயகக் கட்சியின் பாட் செஸ்ப்ரோவுக்கு முதல் விருப்பம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்து முர்கோவ்ஸ்கியைக் குறித்திருந்தார்கள். இந்த முறையை ஒழிக்க 2024-இல் வாக்கெடுப்பு நடந்தது. 700 சொச்சம் ஓட்டில்தான் தப்பியது.

கேள்வி: எல்லாம் கட்சிகள் தங்களுக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவதால் வந்த வினை அல்லவா?

பாதி உண்மை. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி காலத்திலிருந்து நடக்கிற வேலை அது. ஆனால் செனட்டருக்கு மாநிலம் முழுவதுமே தொகுதி. வரைய கோடே இல்லை. அங்கேயும் இதே பிளவுதானே?

கேள்வி: நடுநிலை வாக்காளர் என்று ஒருவர் உண்மையில் இருக்கிறாரா, ஐயா?

நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலான கேள்வியும்கூட. ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் அனைவரையும் வெளியேற்று என்பார் ஒருவர். அவரே மருத்துவக் காப்பீட்டை முழுக்க அரசு ஏற்கட்டும் என்பார். ஒன்று வலக்கோடி, ஒன்று இடக்கோடி. கூட்டிப் பாதியாக்கினால் ‘மிதவாதி’. கருத்துக்கணிப்பில் நடுவே தெரிகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. எல்லாவற்றிலும் நடுவாகப் பேசும் வேட்பாளர் வந்தால் இவருக்கு அவரும் பிடிக்காது. ஆக, இடைவெளிக்கு அரசியல்வாதியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: நான் ஃப்ளோரிடா வாக்காளர், எந்தக் கட்சியிலும் பதியவில்லை. பிரைமரியில் ஓட்டு உண்டா?

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு பொதுவாகக் கிடையாது. அங்கே மூடிய பிரைமரி, அதாவது அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும். வேண்டுமென்றால் பிரைமரிக்கு 29 நாளுக்கு முன்பே ஒரு கட்சியில் பதிந்துகொள்ளுங்கள். நவம்பரில் யாருக்குப் போடுவது என்பதை அந்தப் பதிவு கட்டுப்படுத்தாது.