உயர்ந்த பீடபூமிகள் உருவாவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பூமியின் மேல்பகுதியான பெரும் பாறைத் தட்டுகள் மோதினால் மலைத்தொடர் எழும், சரி. திபெத் போல 25 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் மொத்தமாக எப்படி மேலே வந்தது?

பதில்: மோதிய கோட்டோடு நெருக்கல் நின்றுவிடுவதில்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டிய இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு 4 செ.மீ. அளவில் வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆசியாவுக்கு உள்ளே வெகுதூரம் வரை பூமியின் மேல் பாறை அடுக்கான மேலோடு மடிந்தது, உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. பொதுவாகக் கண்டங்களின் மேலோட்டுத் தடிமன் 35-40 கி.மீ.; திபெத்தின் அடியில் ஏறத்தாழ 70.

கேள்வி: 30 கி.மீ. கூடியும் உயரம் 5 கி.மீ.தானே! மீதி?

பதில்: கீழே போய்விட்டது. கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். மேலோட்டுப் பாறை, அடியிலுள்ள மூடகம் என்ற அடுக்கின் பாறையைவிட அடர்த்தி குறைந்தது; நீரில் பனிக்கட்டி போல, பெரும்பகுதி அமிழ்ந்துதான் மிதக்கும். இதற்குத் துப்புக் கொடுத்தது ஒரு தூக்குக்குண்டு. இமயமலை அதைத் தன் பக்கம் இழுத்த அளவு, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கணித அறிஞர் ஜான் பிராட் கணக்கிட்டார். மலைக்கு அடியில் லேசான பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்று 1855-ல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி விளக்கினார்.

கேள்வி: அப்படியானால் மேற்பரப்பு ஏன் தட்டையாக இருக்கிறது? கரடுமுரடாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: தடித்த மேலோட்டின் அடிப்பகுதி சூடேறி இளகும். மேலே கனம் கூடிய இடத்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து மேடுபள்ளத்தைச் சமன்செய்யும். எவ்வளவு தூரம் நகரும் என்பதில் நிலவியலாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். ஆறுகளும் ஒரு காரணம். நடுப்பகுதி ஆறுகள் பலவற்றுக்குக் கடலுக்கு வழியில்லை. வண்டலைப் பள்ளங்களிலேயே கொட்டுகின்றன. விளிம்பு மலைகள் மழையை மறித்துவிடுவதால் அரிப்பும் குறைவு.

கேள்வி: ஆண்டிஸில் எந்தக் கண்டமும் மோதவில்லையே?

பதில்: மோதவில்லை. நாஸ்கா என்ற கடல்தட்டு தென் அமெரிக்காவுக்கு அடியில் செருகுகிறது. அந்த நெருக்கலே சுமார் 3,800 மீட்டர் உயர ஆல்டிபிளானோ பீடபூமியை எழுப்பப் போதுமாக இருந்தது. எரிமலைக் குழம்பும் சேர்ந்து தடிக்க வைத்தது; ஆனால் பெரும்பங்கு நெருக்கலுடையதுதான்.

கேள்வி: மடிப்பே இல்லாமல் பீடபூமி உயருமா?

பதில்: உயரும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி சராசரியாக 2 கி.மீ. உயரம், அடுக்குகள் பெரும்பாலும் கிடையாகவே உள்ளன. அங்கே நிலத்தைக் கீழிருந்து தூக்குவதில் மூடகத்தின் பங்கு அதிகம்.

கேள்வி: திபெத் இன்னும் உயர்ந்துகொண்டே போகுமா?

பதில்: நடுப்பகுதி போகாது. தன் கனத்தைத் தாங்க முடியாமல் கிழக்கு மேற்காக விரிகிறது. வடக்கு தெற்காக ஓடும் பிளவுப் பள்ளத்தாக்குகள் அதற்குச் சான்று. நெருக்கல் தொடர்வதால், வளர்ச்சி இப்போது வடக்கு, கிழக்கு விளிம்புகளில் நடக்கிறது.